ஏழாம் நம்பர் மெஷினில் இருந்த தாள்

திருச்சி தெப்பக்குளத்தின் கரையில் ஒரு காப்பித்தூள் கடையின் மாடியில் அற்புதசாமி மாஸ்டர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தார். மெஷின்கள் எட்டு. ஏழாம் நம்பர் மட்டும் தமிழ், மற்றதெல்லாம் இங்கிலீஷ். அந்த ஏழாம் நம்பரை மாடிக்குத் தூக்கிவந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் மறுநாளே காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போய்விட்டார்கள், அது இதைவிட லேசான வேலை என்று.

மாஸ்டரின் காது ஊரறிந்த காது. கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பிள்ளை அடிக்கிறது, எந்த விரல் சோம்பேறி, எந்த விரலில் நகம் வெட்டவில்லை என்பதையெல்லாம் சொல்லிவிடுவார். ஒரு தடவை கடைக்காரர் வீட்டு டெலிபோனில் ஒரு ஆபீசுக்குப் பேசும்போது, பின்னால் டைப் அடித்துக்கொண்டிருந்த முகம் தெரியாத குமாஸ்தாவுக்கு வலது கட்டைவிரலில் சுளுக்கு என்று சொல்லி, வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். பத்து நாளில் குணமானதாகக் கடிதம் வந்தது. வலது காதுதான் இத்தனையும் செய்தது. இடது காதை அவர் மனைவி லூர்துராணிக்கென்று ஒதுக்கியிருந்தார்.

அவருடைய சிக்கனமும் ஊரறிந்ததுதான். மை தீர்ந்த ரிப்பனைத் தூக்கி எறிகிறவர் அல்ல அவர், திருப்பி மை தடவுகிறவர். அவருடைய முதல் சட்டம், ஒரு மெஷினுக்கு ஒரு நாளைக்கு ஒரு தாள் என்பது. காலையில் மாட்டிய தாளில்தான் ஒவ்வொரு மணிக்கும் வரும் பிள்ளை முந்தின பிள்ளை விட்ட இடத்திலிருந்து அடிக்க வேண்டும். மத்தியானம் தாளைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டால் வரிக்கும் வரிக்கும் நடுவில் அடிக்க வேண்டும். ராத்திரி அந்தத் தாள்களைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் லூர்துராணியிடம் கொடுப்பார். சமையலறை அலமாரித் தட்டுகளில் விரிக்க அவை உதவும்.

இந்தச் சிக்கனத்திலிருந்துதான் அந்த அதிசயம் முளைத்தது. 1963-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பூசை முடிந்து வந்த மாஸ்டர் சமையலறைத் தட்டில் காசு கொடுத்து வாங்கிய செய்தித்தாள் விரித்திருப்பதைப் பார்த்தார். பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். என்னுடைய தாள்களுக்கு என்ன கேடு வந்தது என்று கேட்டார்.

லூர்துராணி தகரப் பெட்டியைத் திறந்தாள். கல்யாணப் புடவைக்கு அடியில் ஒரு கட்டு இருந்தது. எல்லாம் ஏழாம் நம்பர் தாள்கள். நாலு மாதத்துத் தாள்கள்.

"இதுல போயி ரசச் சட்டிய வைக்க மனசு வரலைங்க. படிச்சுப் பாருங்க. படிச்சுட்டு வாயத் தொறக்காதீங்க" என்றாள்.

மாஸ்டர் படித்தார். யளனகபக, யளனகபக என்று முதல் பாடம் வரிவரியாக ஓடியது. அதற்கு நடுவில் ஒரு வரி:

இன்றும் தூக்கம் வரவில்லை.

அதற்குக் கீழே, வேறொரு மணியில், வேறொரு கை:

எனக்கும். மூன்று மணிக்கு ஒரு ரயில் கூவும். கேட்டாயா?

அதற்குக் கீழே இன்னொரு கை:

கேட்டேன். நான் தனியாகக் கேட்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

காலை ஆறிலிருந்து ராத்திரி எட்டு வரை, சாப்பாட்டு வேளை போக, ஏழாம் நம்பருக்குப் பதின்மூன்று பிள்ளைகள். மணிக்கு ஒருவர். ஆண்பிள்ளைகள் காலையும் மாலையும், பெண்பிள்ளைகள் பத்திலிருந்து இரண்டு வரை. ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பார்க்கவும் வழியில்லை. தமிழ் மெஷின் ஒன்றே ஒன்று என்பதால் அழுகை, கோபம், பரிட்சைப் பயம் எல்லாம் அந்த ஒரு தாளில் வந்து இறங்கியிருந்தன.

ஒரு பெண்ணை டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார்கள். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினேன், நாக்கு நன்றாக இருக்கிறது என்று டானிக் கொடுத்தார் என்று எழுதியிருந்தாள். அடுத்த கை, உன் நாக்குக்கு என் வாழ்த்துகள் என்று அடித்திருந்தது. இன்னொரு பையன், வாத்தியார் அடித்தது வலிக்கவில்லை, எல்லாரும் பார்த்ததுதான் வலிக்கிறது என்றிருந்தான். அதற்குக் கீழே அடுத்தடுத்து வந்த கைகளெல்லாம் ஒரே ஒரு சொல்லை வரிசையாக அடித்திருந்தன: ஆமாம்.

ஒரு தாளில் சட்டங்கள் இருந்தன. யார் என்று கேட்கக் கூடாது. அழுதால் காரணம் கேட்கக் கூடாது. அறிவுரை சொன்னவர் முதல் பாடத்தை இருபது வரி அடிக்க வேண்டும். அந்தச் சட்டங்களை அடித்தது யார் என்று மாஸ்டருக்குத் தாளைத் தடவிய உடனே தெரிந்துவிட்டது. வலது மோதிரவிரல் தாளை ஓட்டை போடுகிற மாதிரி அழுத்தும் கை ஒன்றுதான். பதினோரு மணி ஜஹானாரா. பெரிய கடைவீதி குடைக்கடை ஹனீஃபாவின் மகள். ஒரு வருஷமாக அவள் வாயிலிருந்து 'பிரசண்ட் சார்' தவிர வேறு சொல்லை அவர் கேட்டதில்லை.

தூக்கம் வராத கை யாருடையது என்பதும் தெரிந்தது. இடது சுண்டுவிரல் எழுத்து எப்போதும் மங்கலாக விழும். ஸ்ரீரங்கத்து ரெங்கராஜ். அம்மா மண்டபம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பிச்சமுத்துவின் மகன், வயது பதினேழு. சின்ன வயதில் சைக்கிள் செயினில் விரலைக் கொடுத்தவன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை தேறாமல் போனவன். காலை ஆறு மணி வகுப்பு அவனுடையது. அதனால் ஒவ்வொரு நாள் தாளும் அவன் வரியில்தான் தொடங்கியது.

விளக்கு வைக்கும் நேரம் வரை மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக ஊரிலுள்ள விரல்களையெல்லாம் கேட்ட அந்தக் காதுக்கு இது கேட்கவே இல்லை. மலைக்கோட்டையே எழுந்து நடந்துபோயிருந்தால்கூட அவர் அவ்வளவு திகைத்திருக்க மாட்டார். தன் அறைக்குள், தன் மூக்குக்கு முன்னால், பதின்மூன்று பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். தாள் வீணாகக் கூடாது என்று அவர் போட்ட சட்டம்தான் பாலமாக இருந்திருக்கிறது.

கடைசித் தாள் முந்தின நாளுடையது. பதினேழாம் தேதி, சனிக்கிழமை. மங்கலான சுண்டுவிரல் இப்படி எழுதியிருந்தது:

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை இங்கே சொல்கிறேன்.

அதன்கீழே ஒவ்வொரு மணியிலும் ஒரு வரி. சொல். இருக்கிறோம். அவசரமில்லை. நானும் இருக்கிறேன். திங்கள் சீக்கிரம் வரட்டும்.

இங்கேதான் மாஸ்டர் தப்புப் பண்ணினார். டைப்ரைட்டிங் மாஸ்டர் ஒருவர் மட்டுமே பண்ணக்கூடிய தப்பு. அவருக்கு நெஞ்சு நிறைய அன்பு பொங்கிவிட்டது. அன்பைக் காட்ட அவருக்குத் தெரிந்த வடிவம் ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை விடியுமுன் போய் மாடியைத் திறந்து, ஐந்து தாள்களை வீணாக்கி, ஆறாவதில் ஓர் ஆபீஸ் கடிதத்துக்கு உருவம் கொண்டுவந்தார். ஐந்து தாள்கள் என்பது அவருடைய சொத்தில் பாதி. அன்பின் அளவுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெறுநர்: ஏழாம் எண் இயந்திரத்தின் காலை ஆறு மணி மாணவர்.
பொருள்: மனக்கவலை – போக்கிக்கொள்வது – தொடர்பாக.
பார்வை: தங்களது 17.8.63 தேதியிட்ட தாள், முதல் வரி.

ஐயா,
பார்வையில் கண்ட தாள் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் சொல்லவிருக்கும் விஷயத்தை வேலை நேரத்தில் கீழே கையொப்பமிட்டவரிடம் நேரில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. கவலை உடம்புக்குக் கேடு.

கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பு குத்தி, அடியில் 'நகல்: கோப்புக்கு' என்றும் அடித்து, மெஷினிலேயே விட்டுவைத்தார்.

ஆறு மணிக்கு ரெங்கராஜ் வந்தான், உட்கார்ந்தான், படித்தான். கடிதத்தை உருவி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். புதுத் தாள் கேட்டு வாங்கினான். ஒரு மணி நேரம் யளனகபக அடித்தான். ஒரு தப்பு இல்லை. மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. கவலை போய்விட்டது, இல்லாவிட்டால் இப்படி அடிப்பானா என்று வீட்டில் போய்ச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு பேரும், சொல்கிறேன் என்ற கை வெறும் பாடம் மட்டும் அடித்திருப்பதைப் பார்த்து, அந்தத் தாளில் முதல் பாடத்தைத் தவிர எதுவும் அடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. ஆறு மணி நாற்காலி காலியாகக் கிடந்தது. புதனும் வியாழனும் காலிதான். தாள் ஒவ்வொன்றும் ஒரு தப்பில்லாமல், பரிட்சைக்கு வைத்த மாதிரி வந்தது. மாஸ்டர் தன் வாழ்நாளில் பார்த்த மிகச் சுத்தமான தாள்கள் அவை. அவற்றைத் திருப்பித் திருப்பி, நடுவில் ஒரு பேச்சு வரியாவது இருக்கிறதா என்று தேடினார்.

லூர்துராணி திட்டவில்லை. அதுதான் மோசம். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "உங்ககிட்ட சொல்லணும்னு அந்தப் பையன் நெனச்சிருந்தா, உங்க நாற்காலிக்கு நாலடி தூரத்துலதானே ஆறு மாசமா உக்காந்திருக்கான். சொல்லியிருக்க மாட்டானா? சொல்ல எடம் தேடி ஒரு சுவருக்குப் பின்னால போனான். அங்கயும் நீங்க ஸ்டாம்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க."

வெள்ளிக்கிழமை மாஸ்டர் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனார். பிச்சமுத்து ஒரு பின்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. பையன் நாலு நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான், சாப்பிடு என்றால் இரண்டு வாய் சாப்பிடுகிறான், பேச்சு மட்டும் இல்லை என்றார். தானும் சொல்லிப் பார்த்தாராம். அண்ணன், மச்சான், ரிடையரான போஸ்ட் மாஸ்டர் எல்லாரும் சொல்லிப் பார்த்தார்களாம். நாலு நாளில் அவனுக்குப் புத்தி சொன்னவர்கள் மொத்தம் பதினேழு பேர். அதில் இரண்டு பேர் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள்.

மாஸ்டர் உள்ளே போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். வரும் வழியில் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த நல்ல வார்த்தைகள் எல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றன. அவர் வாயைத் திறக்குமுன் ரெங்கராஜ் தலையைக் கொஞ்சம் திருப்பினான்.

"சார், லெட்டர் கிடைச்சுது" என்றான், மரியாதையாக. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திரும்பி வரும்போது மாஸ்டர் பஸ் இருப்பதையே மறந்து காவிரிப் பாலத்தில் நடந்தே வந்தார். ஆறு கரை தொட்டு ஓடியது. இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஒரு சத்தமும் போடாமல் போகிற அவ்வளவு பெரிய தண்ணீரை அவர் நின்று பார்த்தார். நடந்ததில் செருப்பு தேய்ந்ததுகூட அன்றைக்கு அவருக்கு உறைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஏழாம் நம்பரில் பழைய பதினேழாம் தேதித் தாளையே மாட்டினார். அந்த நாள் தாளில் பின்பக்கம் பாதி காலியாக இருந்தது, மாஸ்டரின் ஆட்சியில் அது ஓர் அதிசயம். கோப்பிலிருந்த கடித நகலைக் கிழித்து, துண்டுகளை மெஷின் பக்கத்தில் எல்லாரும் பார்க்க வைத்தார். தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு கீழே போய் தெப்பக்குளத்தைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார். வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும், நான் கீழே இருக்கிறேன், மேலே வர மாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. மேலே யளனகபகதான் கேட்டது.

பதினோரு மணிக்கு ஜஹானாரா ஏறிப் போனாள். ஏழாம் நம்பர் சத்தமே இல்லை. கால்மணி கழித்து அவள் இறங்கி வந்து, நாலு படி தள்ளி நின்றாள்.

"சார், ஆறு மணி ஏன் வரலை?"

'பிரசண்ட் சார்' இல்லாத அவள் குரலை அவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான் என்று சொன்னார். ஊர் எது, பெயர் எது என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சட்டம் போட்டவள் அல்லவா.

"அந்த லெட்டர்ல நீங்க என்ன எழுதியிருந்தீங்க?"

"நேர்ல வந்து சொல்லச் சொன்னேன். கவலை உடம்புக்குக் கேடுன்னு எழுதினேன்."

ஜஹானாரா குளத்தைப் பார்த்து யோசித்தாள். பெரிய நீதிபதிகள்கூட அவ்வளவு யோசிப்பதில்லை.

"இருபது வரி சார்" என்றாள்.

மாஸ்டருக்கு அப்போது வயது ஐம்பத்துநாலு. மாநிலம் முழுக்க அவரிடம் படித்தவர்கள் ஆபீஸ்களில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு மாடி ஏறினார். பதினோரு மணிப் பிள்ளைகள் மற்ற ஏழு மெஷின்களையும் நிறுத்திவிட்டுப் பார்க்க, ஏழாம் நம்பரில் உட்கார்ந்து யளனகபக என்று முதல் பாடத்தை இருபது வரி அடித்தார். ஒவ்வொரு வரி முடிவிலும் மெஷினின் மணி அடித்தது. அப்படி இருபது மணி. இருபதாவது வரியில் ஒரு எழுத்து தப்பாக விழுந்தது. அவருடைய இருபத்தாறு வருஷத்தில் முதல் தப்பு. பின்னால் யாரோ ஒரு பெண் மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் கதவு திறந்தது என்று மாஸ்டர் பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கீழே இறங்கி நாற்காலியில் உட்காருவதற்குள் மேலே வலது மோதிரவிரல் ஓட்டை போட ஆரம்பித்துவிட்டது. பாடமில்லை. பேச்சு. பாடம் அடிக்கிற விரலுக்கு ஒரு சத்தம், பேசுகிற விரலுக்கு வேறு சத்தம். இத்தனை வருஷம் காது வைத்திருந்தும் அந்த வித்தியாசம் அவருக்கு அன்றுதான் பிடிபட்டது. பன்னிரண்டு மணிக் கை வந்தது. ஒரு மணிக் கை வந்தது. காலையில் வந்துபோனவர்களும் சாயங்காலம் வர வேண்டியவர்களும், யார் சொல்லி அனுப்பினார்களோ, மத்தியானமே வந்து ஒருவர் பின் ஒருவராக ஏறி இறங்கினார்கள். மாஸ்டர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. படிகளில் கால்களை மட்டும் பார்த்தார். தெப்பக்குளத்துப் புறாக்கள் அன்று சாயந்திரம் வரை கோபுரத்துக்குத் திரும்பவில்லை, மாடி ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. காப்பித்தூள் கடைக்காரர் சாட்சி, அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

நாலரை மணிக்குப் பன்னிரண்டாவது கையும் ஓய்ந்தது. மாஸ்டர் மாடி ஏறி, கண்ணை மூடிக்கொண்டு ஏழாம் நம்பருக்கு உறையைப் போட்டார். தாள் உள்ளேயே இருந்தது. மூன்று பேர் தூக்கிய மெஷினை அவர் ஒருவராகத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எப்படி என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

பஸ்ஸில் அதை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் தான் உட்கார்ந்தார். கண்டக்டர் இது சாமானா ஆளா என்று கேட்டார்.

"பேசாதுங்க. ஆனா பேச வைக்கும்" என்றார் மாஸ்டர்.

"அப்ப முழு டிக்கெட்" என்று கண்டக்டர் கிழித்துக் கொடுத்துவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் மாஸ்டர் அதை எதிர்த்து மேலிடம் வரை மனுப் போட்டிருப்பார். அன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். பாலத்தில் காற்று உறையைத் தூக்கியது. தாளின் ஒரு மூலை எட்டிப் பார்த்தது. ஒரு சொல் படித்திருந்தால் போதும், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். மாஸ்டர் தன் மேல்துண்டை எடுத்து மெஷினின் மேல் போர்த்திக் கட்டினார்.

பிச்சமுத்துவின் வீட்டில் மெஷினைச் சுவருக்கும் பாய்க்கும் நடுவில், ரெங்கராஜின் முகத்துக்கு நேரே தரையில் வைத்து, உறையை எடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்தார். என்ன ஏது என்று உள்ளே போகப்போன பிச்சமுத்துவின் கையைப் பிடித்துக் கடையில் உட்கார வைத்தார்.

"அவன என்ன பண்ணப் போறீங்க சார்?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்லைங்க. அதான் வைத்தியம். நீங்க வீலப் பாருங்க."

பிச்சமுத்து வீலைப் பார்த்தார். மாஸ்டரும் வீலைப் பார்த்தார். உள்ளே சத்தமில்லை. ரோட்டில் ஒரு ஜட்கா போனது. கோவிலில் சாயரட்சை மணி அடித்து ஓய்ந்தது. பிச்சமுத்து இரண்டு தடவை எழப் பார்த்தார். இரண்டு தடவையும் மாஸ்டர் வீலைச் சுட்டிக் காட்டினார். பையன் படிக்கிறான் என்று அவருக்குத் தெரிந்தது. உருளை ஒவ்வொரு பல்லாகத் திரும்புகிற சத்தம், கடிகாரத்தைவிட மெல்லிய சத்தம், அவர் வலது காதுக்கு வந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு எழுத்து விழுந்தது.

மங்கலான எழுத்து. இடது சுண்டுவிரல். அடுத்த எழுத்து விழுந்தது. அடுத்தது. வரி முடிந்து மணி அடித்தது. ஒன்று, இரண்டு, ஐந்து. நடுவில் நீண்ட நேரம் நிற்கும், பிறகு தொடரும். பன்னிரண்டு. பதினெட்டு. ரோட்டில் போனவர்கள் என்னவென்று தெரியாமலே நடையை மெதுவாக்கினார்கள். பெருமாள் புறப்பாட்டுக்கு ஒதுங்கி நிற்கிற மாதிரி ஒரு சைக்கிள்காரர் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பிச்சமுத்துவின் கை வீலில் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன சார் எழுதுறான்?"

"தெரியாதுங்க" என்றார் மாஸ்டர். அவர் குரல் கோவிலுக்குள் பேசுகிற குரலாகிவிட்டிருந்தது. "நமக்குத் தெரிய வேணாம். எழுதுறான் பாருங்க, அதப் பாருங்க."

முப்பத்தொன்றாவது மணிக்குப் பிறகு சத்தம் நின்றது. ரெங்கராஜ் வாசலுக்கு வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. அவன் மாஸ்டரைப் பார்க்கவில்லை. மாஸ்டரும் அவனைப் பார்க்கவில்லை.

"சார், தாள் தீந்துபோச்சு. இன்னொண்ணு கிடைக்குமா?"

மாஸ்டர் தோளில் தொங்கிய துணிப்பைக்குள் கைவிட்டார். அன்று காலையில் வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்த ஒரு முழுக் கட்டுத் தாளை எடுத்து நீட்டினார்.

"அத்தனையும் வச்சுக்க."

ரெங்கராஜ் அந்தக் கட்டையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் கண்ட எதுவும் அவனை அப்படி மிரள வைத்ததில்லை. கட்டை வாங்கிக்கொண்டவன் உள்ளே போகாமல் அப்பாவின் மடியிலிருந்த சக்கரத்தைப் பார்த்தான்.

"அப்பா, இது இன்னும் கோட்டமா இருக்கே" என்றான்.

பிச்சமுத்துவின் வாய் திறந்தது. ஐந்து நாளாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. மாஸ்டர் கண்ணால் வீலைக் காட்டினார். பிச்சமுத்து விழுங்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"ஆமாடா. அந்தப் பக்கம் புடி."

பையன் எதிரில் குந்தி உட்கார்ந்து பிடித்தான். இரண்டு பேரும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிச்சமுத்து ஒரு கம்பியை முடுக்கினார். பையன் தணிந்த குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினான். மாஸ்டர் எழுந்து, தன் பேர்போன வலது காதைத் துண்டால் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் காப்பித்தூள் கடை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. கேரியரில் ஏழாம் நம்பர், பழைய டியூபால் இறுக்கிக் கட்டப்பட்டு. ரெங்கராஜும் அவன் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடி ஏற்றினார்கள். மாஸ்டர் நாற்காலியை எடுத்துக்கொண்டு கீழே போய்க் குளத்தைப் பார்க்க உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேலே சத்தம் கேட்டது. சுண்டுவிரல் எழுத்து இன்னும் மங்கலாகத்தான் விழுந்தது. ஆனால் விழுந்தது.